உடம்பு சரியில்லாத சிப்ஸ்

காரைப்பள்ளம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களின் மூக்கு முதலில் திரும்புகிற பக்கத்தில் நாச்சிமுத்துவின் சிப்ஸ் கடை இருந்தது. நாச்சிமுத்து, அவனுக்கு அடுத்தவன் ஆறுக்குட்டி, கடைசித் தம்பி மாரப்பன் என்று மூன்று பேர் அதை நடத்தினார்கள். மூவருமே சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களுடைய அப்பா கண்ணை மூடும்போது, "கடையைப் பார்த்துக்குங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மூவரும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் கடையைப் பார்த்தார்கள். அடுத்த நாளும் பார்த்தார்கள். ஒரு கண்டக்டர் பொறுக்கமாட்டாமல், "பார்த்தது போதும், திறங்கப்பா" என்று சொன்ன பிறகுதான் திறந்தார்கள்.

அப்படியே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஞானதுரை அண்ணாச்சி வந்து எதிரில் ஒரு பேக்கரி போட்டார். கேக்கு, ரொட்டியோடு ஒரு புதுச் சரக்கும் வைத்தார். வாசலில் பெரிய பலகை தொங்கியது: 'எண்ணெயில் பொரித்த சிப்ஸை விட அடுப்பில் சுட்ட சிப்ஸ் ஆரோக்கியமானது.'

நாச்சிமுத்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். படித்ததும் தம்பிகளைக் கூப்பிட்டான்.

"ஆறுக்குட்டி, நம்ம சிப்ஸுக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதி வெச்சிருக்காங்கடா."

"அப்படியா எழுதியிருக்குதுங்ணா?"

"அவங்களோடது ஆரோக்கியமா இருக்குதாமா. அப்படின்னா நம்மளோடது எப்படி இருக்குதுன்னு அர்த்தம்?"

மாரப்பன் பலகையை வெகுநேரம் பார்த்தான். "சுட்ட சிப்ஸுன்னு அவரே ஒத்துக்கிறாரு. எங்கிருந்து சுட்டாருன்னுதான் எழுதலை" என்றான்.

"அதைப் போலீஸ்காரங்க பார்த்துக்குவாங்க. நமக்கு நம்ம புள்ளைங்க உடம்புதான் முக்கியம்."

நாச்சிமுத்து உள்ளே போய், அப்போதுதான் சட்டியிலிருந்து அரித்துக் கொட்டிய சிப்ஸின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"கொதிக்குதுடா" என்றான். "இவ்வளவு காய்ச்சலை வெச்சுக்கிட்டு நாம கவனிக்காம இருந்திருக்கோம்."

ஒரு கணமும் தாமதிக்கவில்லை. ஆறுக்குட்டி சிப்ஸைத் தூக்குவாளியில் போட்டுத் துண்டால் சுற்றினான். மாரப்பன் குடை பிடித்தான். மூவரும் கடைவீதி ஆஸ்பத்திரிக்குப் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அன்றைக்கு நல்ல கூட்டம். முறை வந்ததும் உள்ளே போனார்கள். டாக்டர் குனிந்து எழுதியபடியே கேட்டார்.

"என்ன தொந்தரவு?"

"சிப்ஸுங்க."

"எவ்வளவு காலமா?"

"எங்கப்பா காலத்திலிருந்துங்க."

"தினமுமா?"

"தினமும் நாலஞ்சு சட்டிங்க. சந்தை நாள்ல கூடவும் ஆகும்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நாச்சிமுத்துவின் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "இத பாருங்க, இப்படியே விட்டா தாங்காது. எண்ணெயைக் குறைக்கணும். காலைல அரை மணி நேரம் நடந்தே ஆகணும்" என்றார்.

"காய்ச்சலுக்குங்க?"

டாக்டர் நாச்சிமுத்துவின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலெல்லாம் இல்லை" என்றார்.

வெளியே வந்ததும் நாச்சிமுத்து துண்டை விலக்கித் தொட்டுப் பார்த்தான். சிப்ஸ் ஜில்லென்று இருந்தது. "கெட்டிக்கார டாக்டர்டா. தூக்குவாளியைத் திறக்காமலே கண்டுபிடிச்சுட்டாரு" என்றான்.

முதலில் எண்ணெயைக் குறைத்தார்கள். சட்டியில் பாதியை முகந்து வெளியே வைத்தார்கள். சட்டி குறையாகத் தெரிந்தது மாரப்பனுக்குப் பிடிக்கவில்லை. குறைத்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றினான். சட்டி சீறி, தும்மி, நாலாபக்கமும் துப்பியது. மூவரும் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்கள். சத்தம் அடங்கியதும் ஆறுக்குட்டி மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"ண்ணா, சளியும் இருக்குது" என்றான்.

மறுநாள் காலையில் நடைப்பயிற்சி. பள்ளிக்கூட மைதானத்தில் ஊரில் தொப்பை உள்ளவர்கள் எல்லாம் நடந்துகொண்டிருந்தார்கள்.

"கால் இல்லாததை எப்படிங்ணா நடக்க விடறது?" என்று கேட்டான் மாரப்பன்.

"கைக்குழந்தைக்கு மட்டும் நடக்கத் தெரியுமா? நாமதான் தூக்கிட்டு நடக்கணும்."

ஆளுக்கொரு தாம்பாளத்தில் சிப்ஸைப் பரப்பி, தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். நடக்க வந்தவர்களின் நடை கொஞ்சம் கொஞ்சமாகத் தாம்பாளத்தின் பக்கமாகவே சாய்ந்தது. சர்க்கரைக்காக நடந்தவர் ஒரு பிடி எடுத்தார். கொழுப்புக்காக நடந்தவர் இரண்டு பிடி எடுத்துக்கொண்டு, "நடக்கிறோமே, செரிச்சுடும்" என்றார். எடுத்தவர்களெல்லாம் மாரப்பன் சட்டைப் பையில் காசைத் திணித்துவிட்டுப் போனார்கள். அது எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. மைதானத்தை முழுதாகச் சுற்றி வருவதற்குள் மூன்று தாம்பாளத்திலும் தூள்தான் மிச்சம்.

நாச்சிமுத்து வெறும் தாம்பாளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "நடந்தா இளைக்கும்னு சொல்லுவாங்க. இவ்வளவு சீக்கிரம் இளைக்கும்னு நினைக்கலை."

நாள் தவறாமல் நடத்தினார்கள். பேக்கரிப் பக்கம் போவதற்கு யாருக்கும் பசி மிச்சமில்லை. ஆனால் நாச்சிமுத்துவுக்கு மனசு ஆறவில்லை. ஆரோக்கியமான சிப்ஸ் என்றால் எப்படித்தான் இருக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட ஆசைப்பட்டான். ஒருநாள் மத்தியானம் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சுட்ட சிப்ஸ் இருந்தது. வெளுத்துப்போய், உதடு காய்ந்த மாதிரி ஓரமெல்லாம் சுருண்டு, மினுமினுப்பே இல்லாமல் கிடந்தது. நாச்சிமுத்து ஒன்றை எடுத்து லேசாக அமுக்கினான். பொட்டென்று ஒடிந்துவிட்டது. அவனுக்குக் கண் கலங்கியது. இதுவரை இருந்த ஆத்திரமெல்லாம் போய்விட்டது.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. இதுக்குச் சுத்தமா ரத்தம் இல்லைங்க" என்றான்.

ஞானதுரை அண்ணாச்சி கோபப்படவில்லை. அவரும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்திச்சு. வாங்குத ஆளு ரெண்டு தின்னுட்டு மூஞ்சியச் சுளிச்சிட்டு அப்படியே வச்சிட்டுப் போயிருதான். ஆரோக்கியமா இருந்தா அப்படிச் செய்வானா?"

"எங்க வெச்சு வளர்த்தறீங்க?" என்று ஆறுக்குட்டி கேட்டான்.

அண்ணாச்சி அடுப்பைத் திறந்து காட்டினார். இரும்புப் பெட்டி. ஜன்னல் இல்லை.

"இதுக்குள்ள போட்டுக் கதவைச் சாத்திட்டா காத்து எப்படிங்க வரும்? நம்மளோடது திறந்த சட்டியில நாள் பூரா நீச்சல் அடிக்குது. அதான் கொஞ்சம் சதை பிடிச்சிருக்குது" என்றான் நாச்சிமுத்து.

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நான் பாவம் பண்ணிட்டேன் தம்பி. இப்ப என்ன செய்ய?"

"எங்க கடையில கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க. ஒரு எண்ணெய்க் குளியல் போட்டா தேறிடும்."

பெட்டியில் இருந்ததையெல்லாம் தட்டில் பரப்பி, மேலே வெள்ளைத் துணி போர்த்தி, அண்ணாச்சி தானே தூக்கி வந்து கடையில் இறக்கினார். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

நாச்சிமுத்து சட்டியை அடுப்பில் ஏற்றினான். அப்போது மாரப்பன் ஒரு கேள்வி கேட்டான்.

"எண்ணெய்க் குளியல்னா ஆம்பளைக்குச் சனிக்கிழமை, பொம்பளைக்கு வெள்ளிக்கிழமை. சிப்ஸ் ஆம்பளையாங்ணா, பொம்பளையா?"

நாச்சிமுத்து அடுப்பை அணைத்தான். இது விளையாட்டுக் காரியம் இல்லை. நாள் மாறிக் குளித்தால் ஜன்னி கண்டுவிடும். ஆறுக்குட்டி ஆண் என்றான், உருளை என்பது ஆம்பளைப் பேர் மாதிரி இருக்கிறதாம். மாரப்பன் பெண் என்றான், எவ்வளவு மெலிசு பாருங்கள் என்றான். பொழுது இறங்கிவிட்டது, முடிவுக்கு வரவில்லை. தட்டு மேஜைமேலேயே இருந்தது.

மறுநாள் தாலுகா ஆபீஸ் கிளார்க் பத்மநாபன் வந்தார். "எனக்குப் பொரிச்சது ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. பேக்கரில கேட்டா, சுட்டதெல்லாம் உங்ககிட்ட இருக்குன்னாரு. கால் கிலோ போடுங்க" என்றார்.

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினான். "தர முடியாதுங்க. ரத்தம் இல்லாம படுத்திருக்குது. வெள்ளியோ சனியோ எண்ணெய்ல இறக்கிடுவோம். அப்புறம் நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க."

பத்மநாபன் தட்டைப் பார்த்தார். அவரும் அந்த ஊர்க்காரர்தான். நேராகப் படி இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழங்களும் வாங்கி வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவருக்குக் காட்டலாமே என்று நாச்சிமுத்து துணியின் நுனியைப் பிடித்தான். பத்மநாபன் அவசரமாக அவன் கையைத் தடுத்தார்.

"வேண்டாங்க, எழுப்பாதீங்க. இப்பத்தான் கண் அசந்த மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படி இறங்கினார்.