பத்து நாள், இல்லை பன்னிரண்டு

உட்காருங்கள். இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள், "ஆமாம், ஆமாம்" என்றார்கள், துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்துபோய்ப் பழையபடியே இருந்தார்கள். சொல்கிற நானும் அப்படித்தான். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

நெடுங்காலத்துக்கு முன்னால் ஓர் அரசன் இருந்தான். அவன் நாட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. வடகரையில் பாதிச் சனம், தென்கரையில் பாதிச் சனம். இரண்டு கரைக்கும் ஒரே மழை, ஒரே வெயில், ஒரே சாமி. பேச்சில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். வடகரையார் "சொல்றேங்க" என்பார்கள். தென்கரையார் "சொல்லுதேன்" என்பார்கள், அதையும் சற்று இழுத்துச் சொல்வார்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக ஒரு கரையார் மறு கரையில் பெண் எடுப்பதில்லை.

அரசனுடைய அவையில் வழக்குக் கேட்க ஒரு நீதிபதி இருந்தார். பெயர் பெருஞ்சாத்தனார். வடகரைக்காரர். நல்ல மனிதர். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நல்ல மனிதர். யாரிடமும் கை நீட்டி ஒரு வெற்றிலை வாங்கியதில்லை. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனால்கூடப் பந்தியில் உட்காரமாட்டார். நாளைக்கு அவர்களே வழக்கோடு வந்து நிற்கலாம் அல்லவா?

அப்படியும் தென்கரையார் முணுமுணுத்தார்கள். "முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுதாரு" என்றார்கள். பெருஞ்சாத்தனார் கோபப்படவில்லை. தமக்கும் வழக்காடுகிறவர்களுக்கும் நடுவே கனத்த திரை ஒன்றைக் கட்டச் சொன்னார். அதன்பின் யார் முகமும் அவருக்குத் தெரியாது.

கொஞ்ச நாள் போயிற்று. "பேரைக் கேட்டாலே எந்தக் கரைன்னு தெரிஞ்சு போகுதே" என்றார்கள். அவர் பெயரையும் எடுத்துவிட்டார். வழக்குப் போட்டவருக்கு வெள்ளைக் கூழாங்கல், எதிராளிக்குக் கறுப்புக் கூழாங்கல். "வெள்ளைக் கல் பேசலாம், கறுப்புக் கல் பேசலாம்" என்று காவலன் கூவுவான். இரண்டு பேர் சொன்னதையும் எழுத்தர் ஒருவர் ஓலையில் எழுதி வைப்பார்.

இன்னும் கொஞ்ச நாள் போயிற்று. "நாங்க கருவாடு காயப் போடுதவங்க. துணியில வாடை வருமே" என்றார்கள். அவர் அதற்கும் முகம் சுளிக்காமல் அவையில் சாம்பிராணி போடச் சொன்னார்.

கண்ணுக்குத் திரை, பேருக்குக் கல், மூக்குக்குச் சாம்பிராணி. இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும் என்று வடகரையார் மெச்சிக்கொண்டார்கள். தென்கரையார் முணுமுணுப்பதை விட்டுவிட்டார்கள். சொல்லிச் சொல்லி அவர்களுக்கு அலுத்துவிட்டது.

அந்தக் காலத்தில்தான் தென்கரையில் மூக்கன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு ஒரு மனைவி, பெயர் ஆவுடை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிடாரிக் கன்று, சினைப் பருவத்தில் இருந்தது. ஒரு வெள்ளத்தில் அந்தக் கன்று நீந்தி வடகரைக்குப் போய்ச் செங்கோடன் என்பவனுடைய மந்தையில் சேர்ந்துவிட்டது. மூக்கன் ஊர் ஊராக விசாரித்துக் கண்டுபிடித்து, கயிற்றைப் போட்டு ஓட்டிக்கொண்டு திரும்பும்போது செங்கோடன் ஆட்கள் அவனைப் பிடித்தார்கள். திருடன் என்று அவையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

வெள்ளைக் கல் செங்கோடன் கையில். அவன் சொன்னான்: "எம் மந்தையில பொறந்ததுங்க. எம் மாட்டை எனக்குத் தெரியாதுங்களா?"

கறுப்புக் கல் மூக்கன் கையில். அவன் சொன்னான்: "வெள்ளத்துல நீந்திப் போயிட்டு அய்யா. எடது காதுல ஒரு கிழிசல் இருக்கு, முள்வேலியில மாட்டுனது. நான் கூப்பிட்டா வரும். கூப்பிட்டுக் காட்டுதேன்."

"கன்று காணாமல் போய் எத்தனை நாளாச்சு?" என்று திரைக்குள்ளிருந்து நீதிபதி கேட்டார்.

மூக்கன் யோசித்தான். "பத்து நாளு... இல்ல, பன்னெண்டு நாளு இருக்கும்" என்றான்.

திரைக்கு அந்தப் பக்கம் பெருஞ்சாத்தனார் கண்ணை மூடி அந்தக் குரலை எடை போட்டார். முதலில் பத்து என்கிறான், பிறகு பன்னிரண்டு என்கிறான். இழுத்து இழுத்துப் பேசுகிறான். உள்ளதைச் சொல்கிறவன் ஏன் நிறுத்தி யோசிக்க வேண்டும்? மற்றவன் பேச்சில் தடுமாற்றமே இல்லையே. அது உண்மையின் உறுதி.

அப்படித்தான் அவருக்குக் கேட்டது. மனமறிந்து அவர் அநியாயம் செய்யவில்லை. கன்றைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்றானே, அதை வித்தை காட்டுகிறவன் பேச்சு என்று தள்ளிவிட்டார். திருட்டுக்கு உண்டான தண்டனை, கோட்டைக் கற்சுரங்கத்தில் மூன்று ஆண்டு கல் உடைப்பது. மூக்கனைக் கொண்டுபோனார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வெளியூர்ச் சந்தையில் என் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் என் முகம் தானாக மலர்கிறது. பேசினவன் மூட்டையைத் தூக்க என் கை தானாகப் போகிறது. பக்கத்தில் வேறு ஊர்க் கிழவன் ஒருவன் அதே மாதிரி மூட்டையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான். அவனை நான் பார்க்கவே மாட்டேன். வேண்டுமென்று செய்வதில்லை. வேண்டுமென்று செய்தாலாவது ஒரு நாள் நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, ஆவுடைக்கு வருவோம். தீர்ப்பு நாளில் அவள் அவைக் கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அந்த நாட்டில் ஒருமுறை தீர்த்த வழக்கை மறுபடி எடுக்கமாட்டார்கள். அழுதால் எடுப்பார்களா? காலில் விழுந்தால் எடுப்பார்களா? பட்டினி கிடந்தால் எடுப்பார்களா? மூன்றையும் செய்து பார்த்தாள், எடுக்கவில்லை. கற்சுரங்கத்துக்குப் போனவர்களில் மூன்றாம் ஆண்டை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. அவர்கள் நெஞ்சில் கல்தூசி அடைத்துவிடும். அதனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து வடகரைக்குப் போனாள். ஒரு பெரிய வீட்டில் நெல் குத்தும் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஓர் ஆண்டு நெல் குத்தினாள். வாயைத் திறக்காமல் காதைத் திறந்து வைத்துக்கொண்டாள். உலக்கை ஒவ்வொரு தடவை விழும்போதும் தன் புருஷன் அவையில் சொன்ன சொற்களை உள்ளுக்குள் சொன்னாள், ஆனால் வடகரைப் பேச்சில் சொன்னாள். 'போயிட்டு அய்யா' என்பது 'போயிருச்சுங்க' ஆயிற்று. 'காட்டுதேன்' என்பது 'காட்டறேங்க' ஆயிற்று.

வடகரையார் வேகமாகப் பேசுவது வேகமாகப் பொய் சொல்லத்தான் என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது அந்த வீட்டுக்காரி தன் கம்பளியையே கொண்டுவந்து போர்த்தி, ஏழு நாள் கஞ்சி ஊற்றினாள். ஊருக்குத் திரும்பி ஆவுடை இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. "ஒனக்கு அந்தக் கரைக் காத்து அடிச்சிட்டு" என்று சிரித்தார்கள். அவளுக்குச் சலிப்பாக இருந்தது.

பிறகு தன் அண்ணன் பிச்சாண்டியைக் கூட்டிக்கொண்டு அவைக்குப் போனாள். பொய் வழக்குப் போட்டால் முப்பது கசையடி. அது தெரிந்துதான் போனாள். வெள்ளைக் கல்லை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் கறுப்புக் கல்லைத் தான் வைத்துக்கொண்டாள்.

"வெள்ளைக் கல் பேசலாம்" என்று காவலன் கூவினான்.

பிச்சாண்டி தென்கரைப் பேச்சில் சொன்னான்: "எம் மந்தையில பொறந்தது அய்யா. எம் மாட்ட எனக்குத் தெரியாதா?"

"கறுப்புக் கல் பேசலாம்."

ஆவுடை வடகரைப் பேச்சில் சொன்னாள்: "வெள்ளத்துல நீந்திப் போயிருச்சுங்க. எடது காதுல ஒரு கிழிசல் இருக்குதுங்க, முள்வேலியில மாட்டுனது. நான் கூப்பிட்டா வருமுங்க. கூப்பிட்டுக் காட்டறேங்க."

"கன்று காணாமல் போய் எத்தனை நாளாச்சு?"

"பத்து நாளு... இல்லீங்க, பன்னெண்டு நாளு இருக்குமுங்க."

பெருஞ்சாத்தனார் கண்ணை மூடி எடை போட்டார். ஆண்டு முழுதும் ஆயிரம் வழக்குக் கேட்டவர், பழையது நினைவில் இல்லை. பாவம், இந்தப் பெண் அவையைக் கண்டு பயந்திருக்கிறாள் என்று நினைத்தார். பயத்திலும் தன் கணக்குத் தப்பு என்று தோன்றியதும் தானே திருத்திக்கொள்கிறாள். பொய் சொல்ல வந்தவள் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மற்றவன் 'எனக்குத் தெரியாதா' என்கிறான். என்ன திமிர்!

கறுப்புக் கல்லுக்கே கன்று என்று தீர்ப்புச் சொன்னார். வெள்ளைக் கல் போட்டது பொய் வழக்கு என்றார்.

"அய்யா, ஒரு விண்ணப்பம்" என்றாள் ஆவுடை. இப்போது அவள் தன் சொந்தப் பேச்சிலேயே பேசினாள். "போன வருசம் ஆவணி மாசம், இதே மாதிரிக் கன்னுக்குட்டி வழக்கு ஒண்ணு வந்துது. அந்த ஓலையையும் இன்னைக்கு எழுதுன ஓலையையும் கலந்து வச்சிக்கிட்டு எழுத்தரை வாசிக்கச் சொல்லுங்க. எது எந்த வருசத்து ஓலைன்னும், தீர்ப்பு என்னன்னும் மட்டும் அவரு சொல்ல வேண்டாம்."

குரல் மாறியதைக் கேட்டதும் திரைக்குப் பின்னால் பெருஞ்சாத்தனார் மூடிய கண்ணைத் திறந்தார். பிறகு, "வாசியும்" என்றார் நீதிபதி.

ஓலையில் எழுதும்போது எழுத்தர் வடகரை, தென்கரை பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் எழுத்துத் தமிழிலேயே எழுதுவார். அவர் ஒன்றை வாசித்தார். 'என் மந்தையில் பிறந்தது. என் மாட்டை எனக்குத் தெரியாதா? வெள்ளத்தில் நீந்திப் போய்விட்டது. இடது காதில் ஒரு கிழிசல். கூப்பிட்டால் வரும். பத்து நாள், இல்லை, பன்னிரண்டு நாள்.' மற்றதை வாசித்தார். 'என் மந்தையில் பிறந்தது. என் மாட்டை எனக்குத் தெரியாதா?' அதுவும் கடைசிவரை அப்படியே இருந்தது. வாசிக்காமல் விட்ட தீர்ப்பு மட்டும்தான் மாறியிருந்தது.

"இதுல இன்னைக்கு எழுதுனது எது அய்யா?" என்று ஆவுடை கேட்டாள்.

பெருஞ்சாத்தனாரால் சொல்ல முடியவில்லை. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அப்போதும் தெரியவில்லை. மூன்றாம் முறை வாசிக்கச் சொல்லவில்லை. எழுந்து வந்து, பல ஆண்டாக அங்கே தொங்கிய திரையைத் தம் கையாலேயே விலக்கினார்.

"அன்னைக்கு நின்னவன் எம் புருசன்" என்றாள் அவள். "நான் போட்டது பொய் வழக்குதான். முப்பது அடியைக் குடுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா அவர விட்டுருங்க."

"அம்மா, பொய் வழக்கு நீ போட்டது ஒன்னு" என்றார் அவர். குரல் தளர்ந்துபோயிருந்தது. "பொய்த் தீர்ப்பு நான் சொன்னது எத்தனைன்னு எனக்கே தெரியலை. யாரை யார் அடிக்கறது?"

செங்கோடன் மந்தையை ஆற்றங்கரைக்கு ஓட்டி வரச் சொன்னார். தீர்த்த வழக்கை எடுக்கக் கூடாது என்று அரசன் தடுத்தான். "அப்படியானால் தீர்த்தவனை எடுத்துவிடுங்கள்" என்று முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்தார். வழக்கை எடுக்கலாம் என்று சொல்லி அரசன் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆவுடை கரையில் நின்று ஒரே ஒரு குரல் கொடுத்தாள். நூறு மாட்டுக்கு நடுவிலிருந்து இடது காது கிழிந்த பசு ஒன்று, தன் கன்றையும் கூட்டிக்கொண்டு அவளிடம் நடந்து வந்தது.

வடகரையார் பெருஞ்சாத்தனாரைத் தங்கள் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. தென்கரையாரோ, 'இனி அவர் நம்ம பக்கம்' என்று நினைத்து மூன்று பொய் வழக்கோடு வந்தார்கள். மூன்றிலும் தோற்றார்கள். 'அவரு பழைய ஆளுதான்' என்று திட்டிக்கொண்டு போனார்கள். அவர் இருந்தவரை ஒவ்வொரு வழக்கின் ஓலையையும் மறுபடி வாசிக்கக் கேட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார். அவருக்குப் பின் வந்தவர் நேரம் ஆகிறது என்று அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்.

மூக்கன் கற்சுரங்கத்திலிருந்து வந்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தலை, தாடி, இமையெல்லாம் கல்தூசி. நாலு அடி நடந்தால் இருமினான். பெருஞ்சாத்தனார் இருக்கையை விட்டு இறங்கி வந்து, அந்த முகத்தை முதல்முறையாகப் பார்த்தார். கைகூப்பினார்.

"அந்தக் கன்னு உன்னுதுதான். வெள்ளத்துல நீந்தி வந்திருக்கு. காதுல கிழிசல் இருக்கு. கூப்பிட்டா வருது" என்றார்.

மூக்கன் வழக்கம்போலச் சற்று நேரம் யோசித்தான்.

"அன்னைக்கும் இதத்தானய்யா சொன்னேன்" என்றான்.

பெருஞ்சாத்தனார் கூப்பிய கையை இறக்கவில்லை. இருமிக்கொண்டே மூக்கனும், பசுவைப் பிடித்துக்கொண்டு ஆவுடையும் ஆற்றைக் கடந்து போனார்கள். கதை அவ்வளவுதான், எழுந்திருக்கலாம். நீதி என்னவென்றால்: நம்மவன் தயங்கினால் பயம் என்றும் மற்றவன் தயங்கினால் பொய் என்றும் கேட்கிற காது இருக்கும்வரை, கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் நீதி கிடைக்காது.