குன்றிமணி விலை ஏன் ஏறவில்லை?

மஞ்சப்பாறைக் காட்டில் சிலுப்பாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு முள் சிலிர்க்கும். பயம் வந்தாலும் சிலிர்க்கும். அந்தக் கோடை முழுக்க அவள் முள் படியவே இல்லை.

எல்லாம் ஒரு பொன்குழியால் வந்த வினை.

மஞ்சப்பாறைக்கு அடியில் தங்கம் கிடக்கிறது என்று ஓர் அழுங்கு மோப்பம் பிடித்தது. அழுங்கு தெரியுமல்லவா? உடம்பெல்லாம் செதில், முழ நீளத்துக்கு நாக்கு, எறும்பும் கறையானும் தின்னும் பிராணி. தோண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நாளெல்லாம் தோண்டிக்கொண்டே இருந்தால் எறும்பு தேட நேரம் ஏது?

"யாராவது சாப்பாட்டுக்கு வழி பண்ணுங்க. வர்ற தங்கத்துல பங்கு தர்றேன்!" என்றது அழுங்கு.

காடே வரிசையில் நின்றது. எறும்புப் புற்று கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கெல்லாம் பங்குக்கு அடையாளமாகக் குன்றிமணி கிடைத்தது. சிவப்பு உடம்பும் கறுப்பு மூக்குமாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. சிலுப்பாயி மழைக்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த கிழங்கு மொத்தத்தையும் கரடியிடம் கொடுத்தாள். பதிலுக்குக் கரடி உடைத்துத் தந்த புற்றெல்லாம் அழுங்கின் வயிற்றுக்குப் போனது. அவள் வளையில் கிழங்கு இருந்த மூலையில் இப்போது ஒரு குவியல் குன்றிமணி இருந்தது.

குழியிலிருந்து முதலில் ஒரு தங்கக்கட்டி வந்தது. அப்புறம் இன்னொன்று. குளத்தங்கரைச் சந்தையில் ஒரு குன்றிமணிக்குக் கை நிறைய நெல்லிக்காய் கொடுத்து வாங்கினார்கள்.

அப்புறம்தான் மயில்களுக்கு ஆட்டக்காலம் வந்தது. "கழுத்துல தங்கம் இல்லாம தோகை விரிக்கிறதா? சீச்சீ!" என்றன மயில்கள். தங்கத்தின் விலை பனைமரம் ஏறியது.

குன்றிமணி விலையும் கூடவே ஏறியிருக்க வேண்டும், இல்லையா? அது ஏறவில்லை. ஒரு நாள் லேசாக இறங்கியது. மறுநாள் பங்குக்காரர்கள் எல்லாரும் குழிக்கு மேலே இருந்த நாவல் மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். அதற்கு அடுத்த நாளிலிருந்து விலை இன்னும் இறங்கியது. கூட்டமும் தினமும் நடந்தது.

தலைமை, கருமூஞ்சிக் குரங்கு. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. உயரமான கிளையில் அதுதான் உட்கார்ந்திருந்தது.

"அன்பார்ந்த பங்காளிகளே!" என்று கருமூஞ்சி கிளையிலிருந்து தொம்மென்று குதித்தது. எந்தப் பேச்சையும் அது குதித்துத்தான் தொடங்கும். "தங்கம் ஏறுகிறது! நம் குன்றிமணி ஏறவில்லை! ஏன்? ஏன்? ஏன்?"

ஒவ்வொரு 'ஏன்'னுக்கும் ஒரு குதி.

"கா! நான் அப்பவே சொன்னேன்!" என்றது அண்டங்காக்கை. "எனக்கு நம்பகமான இடத்திலேர்ந்து தகவல் வந்திருக்கு. யாருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். குளத்தங்கரைக் கீரிதான் விலையை அமுக்கி வெச்சிருக்கு!"

"நேத்து ஆந்தைன்னியே?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அது நேத்து தகவல்!"

ஆமை மெல்லத் தலையை நீட்டியது. "பொறுமை... வேணும்... தம்பிகளா. நான்லாம்... நீண்ட... கால..."

"முடிங்க தாத்தா!"

"...முதலீட்டாளர்."

"இதெல்லாம் இருக்கட்டும்!" கருமூஞ்சி மறுபடி குதித்தது. "எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அந்த அழுங்கு உள்ளே என்னதான் பண்ணுது? கிடைச்ச தங்கத்தைப் பதுக்குதோ? திருடன்! திருடன்!"

"திருடன்! திருடன்!" என்று மொத்தக் கூட்டமும் தரையை உதைத்தது. நாவல்பழம் பொலபொலவென்று உதிர்ந்தது.

சிலுப்பாயியும் கத்தினாள். பின்னே, கத்தமாட்டாளா? வளையில் மூன்று குட்டிகள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழை பிடித்துவிட்டால் மண் சேறாகும், வெளியே ஒரு கிழங்கு தோண்ட முடியாது. குன்றிமணியை வேகவைத்துத் தின்னவா முடியும்? அது விஷம்!

கூட்டம் கலைந்ததும் நேரே குளத்தங்கரைக்கு ஓடினாள். அங்கே கீரி ஒரு கல்லின் மேல் நின்று வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தது.

"கீரியண்ணே, இன்னிக்கு என்ன விலை?"

"ஒண்ணுக்கு ரெண்டு நெல்லி. வேணுமா வேணாமா, சட்டுனு சொல்லு. பின்னால ஆள் நிக்குது."

"ரெண்டா! அன்னிக்குக் கை நிறையக் குடுத்தீங்களே! நீங்கதான் விலையை அமுக்குறீங்கன்னு காக்கா சொல்லுது."

கீரி சிரித்தது. "நான் எதுக்கு அமுக்கணும் சிலுப்பாயி? குழிலேர்ந்து தங்கம் வரல. வராத தங்கத்துக்கு யார் நெல்லி குடுப்பா? ஏன் வரலன்னு அந்த அழுங்கைத்தான் கேக்கணும். கேட்டியா?"

சிலுப்பாயிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

ஏனென்றால் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூப்பிடாத வளைக்குள் யாரும் தலையை நீட்டக் கூடாது. பாம்பு கூட மதிக்கிற வழக்கம், பசி இல்லாத நேரத்தில். அதனால் பங்குக்காரர்கள் எல்லாரும் குழியின் மேலேயே நின்று குழியைப் பற்றிப் பேசினார்கள். ஒருவரும் குழிக்குள் போகவில்லை.

"நாளைக்கு வித்துடலாமா?" என்று நினைத்தபடியே சிலுப்பாயி திரும்பினாள். வழியில் குழி வாசல் வந்தது. நின்றாள். யோசித்தாள். கூப்பிடாமல் போகக் கூடாது, சரி. 'உள்ளே வரலாமா' என்று கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

"தம்பி! உள்ள வரலாமா?"

அவள் குரலைத் தாழ்த்தி மறுபடி கூப்பிட்டாள்.

"தம்பி! நான் சிலுப்பாயி. தனியாத்தான் வந்திருக்கேன்."

ஆழத்திலிருந்து, வாயில் துணியைத் திணித்த மாதிரி ஒரு குரல் வந்தது. "முள்ளு மேல படாம வாங்கக்கா."

அவள் முள்ளை மடக்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள். குழியின் கோடியில் அழுங்கைத் தேடினாள். அங்கே ஒரு பெரிய பந்துதான் கிடந்தது. செதிலால் ஆன பந்து. அதன் மேல் மண்.

"தம்பி, இது நீயா? ஏன் இப்படிக் கிடக்குற?"

"போயிட்டாங்களாக்கா?" என்றது பந்து.

"யாரு?"

"மேல குதிக்கிறவங்க."

"கூட்டம் கலைஞ்சாச்சு. எழுந்திரு."

பந்து கொஞ்சம் அவிழ்ந்தது. ஒரு கண் தெரிந்தது. "எங்க ஜாதி குணம்க்கா. சத்தம் கேட்டா உடம்பு தானா சுருண்டுக்கும். நான் வேணாம்னு நெனச்சாலும் கேக்காது. ஒருதரம் சுருண்டா அவிழ்றதுக்கே பாதி நாள் ஆயிடும். காலையில நகத்தை மண்ணுல வெப்பேன், மேல 'ஏன், ஏன்'னு குதிப்பாங்க. சுருண்டுப்பேன். மெல்ல அவிழ்ந்து மறுபடி நகத்தை வெப்பேன், 'திருடன்'னு கத்துவாங்க. அக்கா, நான் எதைத் திருடினேன்?"

சிலுப்பாயிக்கு முள் கூசியது. 'திருடன்' என்று அவளும்தானே கத்தினாள்!

"தங்கம் இருக்கா தம்பி? உண்மையைச் சொல்லு. எனக்கு மூணு குட்டி."

"நீங்களே பாருங்க." அழுங்கு ஒரு நகத்தால் பாறையைச் சுரண்டியது. வாசலிலிருந்து வந்த துளி வெளிச்சத்தில் ஒரு கோடு மஞ்சளாக மின்னியது. "இந்த ஒரு பாறையை உடைச்சா போதும். பின்னால முழுக்க இதுதான். எனக்குக் கொஞ்ச நாள் அமைதி வேணும். அவ்வளவுதான்."

சிலுப்பாயி மூக்கை வைத்து முகர்ந்தாள். நக்கிக்கூடப் பார்த்தாள். மஞ்சள்தான், பளபளப்புதான், பல்லில் கடித்ததும் லேசாக அமுங்கியது. தங்கம்!

மறுநாள் கூட்டத்தில் அவளே முதலில் எழுந்தாள். "பங்காளிகளே! நான் குழிக்குள்ள போய்ப் பார்த்தேன். அனுமதி கேட்டுத்தான் போனேன். தங்கம் இருக்கு! நம்ம சத்தத்துக்குப் பயந்து அழுங்கு சுருண்டு கிடக்கு. நாம சும்மா இருந்தா போதும், விலை தானா ஏறும்!"

ஒரு நொடி அமைதி. அத்தனை கூட்டத்திலும் குழிக்குக் கிடைத்த ஒரே ஒரு நொடி.

"அற்புதம்!" என்று கருமூஞ்சி குதித்தது. "அருமையான கருத்து! அன்பார்ந்த பங்காளிகளே, நாம் ஏன் சத்தம் போடுகிறோம்? இதை உடனே விவாதிப்போம்!"

"நான் சத்தமே போடல!" என்று காக்கை கத்தியது. "குரங்குதான் போடுது!"

"யாரைப் பார்த்து? யாரைப் பார்த்து?" தொம்! தொம்!

"அமைதி... அமைதியா... இருங்கப்பா..." என்று ஆமை தன் வாழ்நாளிலேயே உரக்கச் சொன்னது.

கீழே குழிக்குள் சரசரவென்று மண் சரிந்தது. சிலுப்பாயி காதைப் பொத்திக்கொண்டாள். இவர்களிடம் வாயை மூடு என்றால், மூடுவதைப் பற்றியே நாளெல்லாம் பேசுவார்கள். நல்ல வார்த்தை வேலைக்கு ஆகாது. வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

அவள் மெல்லக் காக்கையின் பக்கம் நகர்ந்தாள்.

"காக்கா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

"கா! என் அலகு திறக்காது! என்ன? என்ன?"

"விலை எங்க நிர்ணயம் ஆகுது? குளத்தங்கரையில. நாம எங்க பேசுறோம்? இங்க. இங்க யார் இருக்கா கேக்க? அங்க போய்ப் பேசினா, பெரிய பாறை மேல ஏறி நின்னு பேசலாம், காடே திரும்பிப் பார்க்கும். ஆனா கருமூஞ்சிக்குத் தெரிஞ்சா அந்தப் பாறையை அது பிடிச்சிடும். அதான் சொல்றேன், வெளிய விடாத."

காக்கை அவள் சொல்லி முடிக்கும்வரை கூடக் காத்திருக்கவில்லை. பறந்து போய்க் கருமூஞ்சியின் காதில் கரைந்தது.

"அன்பார்ந்த பங்காளிகளே!" என்று கருமூஞ்சி முழங்கியது. "எனக்கு ஓர் எண்ணம் உதித்திருக்கிறது! என் சொந்த எண்ணம்! எல்லாரும் குளத்தங்கரைக்குப் புறப்படுங்கள்! அந்தப் பெரிய பாறை எனக்கு!"

ஓட்டம் என்றால் ஓட்டம்! இடம் பிடிக்கக் கூட்டம் மொத்தமும் குன்றைத் தாண்டி ஓடியது. ஆமையும் புறப்பட்டது. நாவல் மர நிழலைத் தாண்டுவதற்கே அதற்கு வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து குளத்தங்கரை ரெண்டுபட்டது. வாங்க வந்தவர்கள் எல்லாரும் 'திருடன்' என்ற கத்தலைக் கேட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். விலை இன்னும் சரிந்தது.

"ஒண்ணுக்கு ஒரு நெல்லி," என்றது கீரி. "நாளைக்கு அதுவும் கிடையாது. சிலுப்பாயி, உன் குட்டிங்க முகத்துக்காகச் சொல்றேன், குடுத்துடு. வானத்தைப் பாரு."

சிலுப்பாயி வானத்தைப் பார்த்தாள். மேகம் குன்றின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு கணம் கை, குன்றிமணிப் பொட்டலத்தை அவிழ்க்கப் போனது. அவளே கெடுத்த விலை இது. அவள்தானே கூட்டத்தை இங்கே ஓட்டிவிட்டாள்!

பக்கத்தில் காக்கை தன் குன்றிமணிகளை எல்லாம் ஒன்றுக்கு ஒரு நெல்லிக்காய் என்று கீரியிடம் கொட்டியது. "எனக்கு நம்பகமான தகவல் வந்துடுச்சு! குழி காலி!"

"காக்கா, நீ குழிக்குள்ள போய்ப் பார்த்தியா?"

"தகவல்னா தகவல்தான்! போய்ப் பார்த்தா அது தகவலா?"

சிலுப்பாயி பொட்டலத்தை இறுக்கிக் கட்டினாள். "நான் போய்ப் பார்த்தேன். நான் விக்கல அண்ணே."

வீட்டில் குட்டிகளுக்குக் கசப்பு வேர்தான் கிடைத்தது. "உவ்வே!" என்று முகம் சுளித்தன. அவளும் அதையே தின்றாள். தினமும் சத்தமில்லாமல் குழி வாசலுக்குப் போய், தன் பங்குக்குத் தேடிப் பிடித்த எறும்புகளை வைத்துவிட்டு வந்தாள்.

முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டது ஆமைதான். அது இன்னும் பாதி வழியைக்கூடத் தாண்டவில்லை. காலுக்கடியில் பூமி அதிர்ந்தது. டக். டக். டக்கு டக்கு டக்கு!

"தோண்டுது..." என்றது ஆமை. "அட... தோண்டுதுப்பா!" என்று வந்த வழியே திரும்பியது.

அடுத்த காலை குழி வாசலில் தங்கக்கட்டிகள் குவிந்திருந்தன. மயில்கள் அகவிக்கொண்டு வந்து விழுந்தன. கிழங்கு, தினை, நெல்லி, வேர்க்கடலை என்று கொண்டுவந்து கொட்டின. யாரிடம் எத்தனை குன்றிமணியோ அதற்குத் தக்கபடி பங்கு பிரிந்தது. குன்றிமணி விலையும் பனைமரம் ஏறியது. கீரிக்கும் ஒரு பெரிய பங்கு போனது, அது வாங்கி வைத்திருந்ததல்லவா! சிலுப்பாயியின் குட்டிகள் கிழங்கை உருட்டி உருட்டி வளைக்குள் தள்ளின. கடைசிக் கிழங்கு உள்ளே போன பிறகுதான் முதல் தூறல் விழுந்தது.

"கா! நான் அப்பவே சொன்னேன்!" என்றது காக்கை, வெறும் காலோடு.

"என்ன சொன்ன?"

"எதையோ சொல்லியிருப்பேன், போ!"

அழுங்கு பல நாளுக்குப் பிறகு வெளியே வந்து, மழையில் முகத்தைக் காட்டியது. தூரத்தில் குளத்தங்கரையிலிருந்து மெல்லிய இரைச்சல் வந்துகொண்டிருந்தது. விலை இவ்வளவு ஏறியதற்கு யாருடைய பேச்சு காரணம் என்று கருமூஞ்சி விவாதம் நடத்திக்கொண்டிருந்தது.

"அது என்னக்கா சத்தம்?"

"நம்ம பங்காளிங்க பேசிக்கிறாங்க தம்பி. பயமா இருக்கா?"

அழுங்கு காதைத் தீட்டிக் கேட்டது. "இல்லக்கா. தூரத்துல கேட்டா நல்லாத்தான் இருக்கு, தவளைப் பாட்டு மாதிரி," என்று சொல்லிவிட்டு, அடுத்த பாறையை உடைக்கச் சிரித்துக்கொண்டே உள்ளே இறங்கியது.

போட்ட முதலீடு பலன் தர வேண்டுமானால், விலை ஏன் ஏறவில்லை என்று வெளியே நின்று கத்தாமல், உள்ளே போய்ப் பார்த்து, உழைக்கிறவரை நிம்மதியாக உழைக்க விட வேண்டும்.