ட்ரம்முக்குள்ள கைய விட்ட வெள்ளையம்மா

எட்டு நாளைக்கு ஒரு தடவ தண்ணி வர்ற ஒரு ஊர்ல, ஒரு நீல ட்ரம் இருந்துச்சாம். ம் சொல்லுடி. சொன்னாத்தான் சித்தி மேல சொல்லுவேன்.

"ம்."

அது முத்துக்கனி வீட்டு ட்ரம். முத்துக்கனிக்குப் பிள்ளை பொறந்து இருபது நாள்தான் ஆகுது. வீட்டுல அவளும், மாமியார் வெள்ளையம்மாவும்தான். எட்டு நாளும் அந்த ட்ரம் தண்ணியிலதான் பிள்ளையக் குளிப்பாட்டணும், துணி அலசணும், கஞ்சி வைக்கணும். அன்னைக்குக் காலைல தண்ணி வந்து ட்ரம் ததும்பி நிக்குது. அப்போ பாத்து, அடியில இருக்கிற குழாய் சொட்டு... சொட்டு... சொட்டுசொட்டுன்னு ஒழுக ஆரம்பிச்சிருச்சு. பாவம், பச்சப்பிள்ள இருக்கிற வீடு!

அப்புறம் பேச்சித்தாயைக் கூப்பிட்டாங்க. அவ குழாய் வேலை செய்ற பொண்ணு. பத்து நாள் பயிற்சி முடிச்ச கையோட இதுதான் அவளுக்கு மொத வேலை. கையில குழாய் முடுக்குற புது ரெஞ்சு, புது டேப்பு, மனசு நிறைய பயம்.

"இந்தப் பிள்ளையா குழாய் மாட்டப் போகுது?"ன்னு வெள்ளையம்மா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா.

பேச்சித்தாய் துணியைப் பந்தா உருட்டி, ட்ரம்முக்கு உள்பக்கமா ஓட்டையை அடைச்சா. குழாயைக் கர்ர் கர்ர்னு கழட்டினா. குழாய் முனையில வரிவரியா மரை இருக்கும்ல, அது மேல வெள்ளை டேப்பை நாலு சுத்து சுத்தி, திருகி மாட்டினா. துணியை எடுத்தா... சொட்டு... சொட்டு.

அப்போ, நாலு சுத்து பத்தலையோன்னு மறுபடி கழட்டி, இருபது சுத்து சுத்தினா. திருகத் திருக டேப்பு சுருண்டு, பிசிறு பிசிறா வெளிய வந்துருச்சு. துணியை எடுத்தா, சர்ர்ர்ருன்னு அவ மூஞ்சியிலேயே பீச்சுது! அரை ட்ரம் போச்சு. அவசரத்துல அடைக்கப் போன துணியும் சேத்துல விழுந்துருச்சு. குழாயைக் கழட்டிட்டு, உள்ளங்கையால ஓட்டையைப் பொத்திக்கிட்டு, அப்படியே உக்காந்து அழுதுட்டா. எனக்கே மனசு கேக்கலடி.

"ம்."

அப்போ வாசப்படியில பிள்ளையோட இருந்த முத்துக்கனி மெதுவா, "ஏக்கா, சொன்னா கோவிக்காதீங்க. டேப்பை ஒரு பக்கமா சுத்துறீங்க, குழாயை அடுத்த பக்கமா திருகுறீங்க. அப்ப அது பிரியத்தானே செய்யும்?"ன்னா.

பேச்சித்தாய் திருதிருன்னு முழிச்சா. பயிற்சியில சார் எதிர்ல நின்னு சுத்திக் காட்டினாராம். இவ கண்ணாடியில பாக்குற மாதிரி தலைகீழாப் பழகிட்டா!

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"படிச்சிட்டு வந்தவங்க, நான் என்னத்தச் சொல்லன்னு இருந்துட்டேன்."

துணிதான் சேறாப் போச்சே, பேச்சித்தாய் குழாயை மாட்டுற வரைக்கும் உள்பக்கமா ஓட்டையை யாரு அடைக்க? முத்துக்கனி பிள்ளையக் கீழ கிடத்திட்டு எந்திரிச்சா. "ஏட்டி, பச்ச உடம்போட தண்ணியில கை வைக்காத!"ன்னு வெள்ளையம்மா ஒரு சத்தம் போட்டு, சேலையை இழுத்துச் சொருகி, தானே ட்ரம்முக்குள்ள தலைகீழாக் கவுந்து, ஓட்டையைக் கையால பொத்திக்கிட்டா.

"சீக்கிரம்டி, கை மரத்துப் போச்சு!" ட்ரம்முக்குள்ள இருந்து கும்ம்ம்னு சத்தம் வருது.

பேச்சித்தாய் மரையில ஒரு பொட்டு ஈரம் இல்லாமத் துடைச்சா. குழாய் எந்தப் பக்கமாத் திரும்பி ஏறுமோ, அந்தப் பக்கமாவே டேப்பை இழுத்து இழுத்துச் சுத்தினா. கிர்ர்... கிர்ர்... கிர்ருன்னு இறுகிருச்சு.

"பெரிம்மா, கையை எடுங்க."

"மாட்டேன். எடுத்தா ஊத்தும்."

"எடுங்க பெரிம்மா, நான் இருக்கேன்ல."

வெள்ளையம்மா ஒரு விரலை எடுத்தா. அப்புறம் இன்னொரு விரல். கடைசியா கையையே எடுத்துட்டா. மூணு பேரும் மூச்ச அடக்கிக்கிட்டுப் பாக்குறாங்க. ஒரு சொட்டு வரல!

சாயங்காலம் பேச்சித்தாய் சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா. வெள்ளையம்மா காலை நீட்டி உக்காந்து, பேரனைக் கால் மேல கிடத்தி, "ஏ பேச்சி, எங்க போற? வெந்நி வெளாவி வச்சிருக்கேன். வந்து பிள்ளைக்கு ஊத்து"ன்னா. பேச்சித்தாய் செம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சு, பூ மாதிரி ஊத்தினா.

என்னடி, ம் சத்தத்தையே காணோம்? சரி, ஒழுக்கும் நின்னாச்சு, கதையும் நின்னாச்சு. கண்ண மூடு தங்கம்.