செக்கில் விட்ட தண்ணீர்

வடிவம்மையின் மடத்தில் இருந்தது ஏழே பேர். அவர்களில் அம்மையைவிட மூத்தவர் சங்கரமூர்த்தி ஒருவர்தான். முப்பது வருடம் உணவு ஆய்வாளராக இருந்து, எண்ணெய்க் கடைக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தவர். ஓய்வு பெற்றதும் அதே கண்டிப்போடு தன் மனதைச் சோதனை போடக் கிளம்பி வந்திருந்தார்.

ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், மடத்து வாசலைத் தாண்டுவதில்லை என்று சங்கல்பம் எடுத்திருந்தார். அப்படி எடுக்கச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை.

நாற்பதாம் நாள் காலையில் அவர் மகள் செண்பகம் மூன்றாவது தடவையாக வாசலில் வந்து நின்றாள். கையில் என்னவோ வைத்திருந்தாள். அவர் கவனிக்கவில்லை. மறுநாள் அவளுக்குக் கல்யாணம்.

"தாரை வார்க்க நீங்க வரணும்ப்பா. அம்மாவும் இல்ல."

"மாப்பிள்ளை பாத்து நிச்சயம் பண்ணியாச்சு. என் கடமை முடிஞ்சது. தண்ணியைச் சித்தப்பா வார்க்கட்டும்."

"சித்தப்பாவா என்னப் பெத்தாரு?"

அவர் திரும்பி உள்ளே வந்துவிட்டார். நெஞ்சு வலித்தது. வலித்தும் அசையாமல் நின்றோமே என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

செக்கடியில் அம்மை எள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, துளி கலப்பில்லாத மனசு எப்ப வாய்க்கும்?"

அம்மை முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். "காளைக்குக் குளம்புல புண்ணு. சாயங்கால விளக்குக்கு எண்ணெய் இல்ல. செக்கைத் தள்ளுதீங்களா அண்ணாச்சி?"

சின்னச் செக்குதான். ஆனாலும் ஆள் தள்ளுவதென்றால் இரண்டு பேர் வேண்டும். சங்கரமூர்த்தி தனியாகவே நுகத்தடியைப் பிடித்தார். எள் நொறுங்கிப் பொடியானது. பொடி மாவானது. சுற்றிச் சுற்றி வந்ததில் அவருக்குத்தான் வியர்வை வழிந்தது, எண்ணெயைக் காணோம்.

அம்மை வந்து எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் தண்ணி தெளிக்கட்டுமா?"

"எண்ணெயில தண்ணியா? அம்மா, அதைச் செஞ்சவங்களை நான் கோர்ட்டுல நிறுத்தியிருக்கேன்."

அம்மை முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் விடவில்லை. உச்சி வெயில் இறங்கும் வரை தள்ளினார். உள்ளங்கை கொப்பளித்தது. மேல்துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி தள்ளினார். மாவு சூடேறி, உரலில் லேசாகக் காந்தல் வாடை எழுந்தது. இன்றைக்கு விளக்கு எரியாவிட்டால் அது தன்னால்தான் என்ற எண்ணம் வந்ததும் இன்னும் வேகமாகத் தள்ளினார்.

அம்மை திரும்பி வந்தபோது கையில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. சங்கரமூர்த்தி ஓடிவந்து உரலின் வாயை இரண்டு கையாலும் மூடினார்.

"அம்மா, வேண்டாம். இத்தனை நேரம் சுத்தமா வச்சிருந்தேன்."

"சுத்தமாத்தான் இருக்கு," என்றார் அம்மை. "எண்ணெய்தான் இல்ல. கையை எடுங்க."

எடுத்தார்.

அம்மை ஒரு கை அள்ளித் தெளித்தார். இன்னொரு கை. "இப்பத் தள்ளுங்க."

இரண்டு சுற்று வரை ஒன்றுமில்லை. பிறகு செக்கு கனத்தது. உதிரியாய்க் கிடந்த மாவு திரண்டு உரலின் சுவரோடு ஒட்டியது. உலக்கை முனகியது. சங்கரமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். திரண்ட மாவின் ஓரத்தில் ஒரு மினுக்கம் தெரிந்தது. அடுத்த சுற்றில் அது கசிந்தது. அதற்கடுத்த சுற்றில் எண்ணெய் குழியில் தேங்கி நின்றது.

எண்ணெய் தெளியும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பொழுது சாய, திரியை நனைத்து அவரே ஏற்றினார். தண்ணீர் கலந்த எண்ணெய் திரியில் படபடவென்று வெடிக்கும். எத்தனையோ கடைகளில் அதைக் கேட்டவர் அவர். காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. சுடர் நேராக நின்றது.

"அம்மா, அந்தத் தண்ணி எங்க போச்சு?"

அம்மை உரலிலிருந்து ஒரு பிடி பிண்ணாக்கைப் பெயர்த்து அவர் கையில் வைத்தார். அவர் அமுக்கிப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து செம்பை எடுத்தார். பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது.

"இதைக் கிணத்தடியில ஊத்திரவா?"

"செம்பு மடத்துது இல்ல அண்ணாச்சி."

விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது. சொர்ணம். அவர் மனைவி கல்யாணத்தன்று பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்பு. இந்தச் செம்பிலிருந்துதான் அவளுடைய அப்பா தாரை வார்த்தார்.

"இது எப்படி இங்க..."

"காலைல உங்க மக கையில வச்சிருந்தா. தண்ணி வேணும்னு கேட்டு நான்தான் வாங்கிட்டு வந்தேன். இன்னும் வாசல்லதான் உக்காந்திருக்கா."

சங்கரமூர்த்தி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சங்கல்பத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கே அம்மா."

"செக்கு எங்கயும் போயிராது," என்றார் அம்மை. "அந்தத் தண்ணியைச் சிந்தாமக் கொண்டு போங்க. நாளைக்கு வேணும்."