பொன் படியாத மலை

“இன்னையில இருந்து நாப்பத்தெட்டு நாள் மௌன விரதம் இருக்கலாம்னு நினைக்கேன். அம்மா உத்தரவு குடுக்கணும்” என்றார் கோமதிநாயகம்.

செண்பகவல்லி அம்மை கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. கோமதிநாயகத்தைவிடப் பதினெட்டு வருஷம் இளையவர்தான். ஆனாலும் மலையடிவாரத்து அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. முப்பது வருஷம் அரசாங்கத்துக்குப் பாறை ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்ற கோமதிநாயகம் சீடர்.

“மௌனம் எதுக்கு?”

“இன்னும் ஆழத்துக்குப் போகணும்மா.”

“இன்னைக்கேவா?”

கோமதிநாயகம் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஆய ஆரம்பித்தார். விஷயம் மடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் மகள் மீனலோசனி பதினோரு மணி பஸ்ஸில் பிள்ளையோடு அவரைப் பார்க்க வருகிறாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று ஏழு வருஷமாக அவர் அவளோடு பேசவில்லை. பேத்தியைப் பார்த்ததே இல்லை. விரதம் என்று உட்கார்ந்துவிட்டால் வாயைத் திறக்க வேண்டாம் பாருங்கள், மனுஷர் நல்ல நாளாகத்தான் பார்த்திருந்தார்.

“அது கிடக்கட்டும். இந்த மலையில பொன்னு இருக்கா, பாறைக்காரரே?”

கல்லைப் பற்றிக் கேட்டால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும்.

“பொட்டுக்கூடக் கிடையாதும்மா. இது ரொம்ப ஆழத்துல உறைஞ்ச கருங்கல்லு.”

“ஆழத்துலன்னா நல்லதுல்லா?”

“அங்கதான் எல்லாரும் ஏமாறுதாங்க.” முந்தின நாள் குருபூஜைக்கு வந்த கோலி சோடாவில் இரண்டு பாட்டில் மிஞ்சியிருந்தது. ஒன்றை எடுத்துக் காட்டினார். “இதுக்குள்ள குமிழி தெரியுதா? தெரியாது. அழுத்தம் அமுக்கி வச்சிருக்கு. ஆழத்துல உருகிக் கிடக்குற பாறைக்குழம்பும் இப்படித்தான். மேல உள்ள பாரம் குழம்புக்குள்ள இருக்க தண்ணியைப் பிரிய விடாது. அப்படியே இறுகிப்போகும்.”

“மேல வந்தா?”

கோலியைக் கட்டைவிரலால் அமுக்கினார். சோடா சீறியடித்ததில் வேட்டியெல்லாம் நனைந்தது. அம்மை சிரித்துவிட்டார்.

“இதான்மா! தரைக்கு ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள வந்துட்டா பாரம் குறையும். கொதிக்கிற தண்ணி பிரிஞ்சு கிளம்பும். சுத்தியுள்ள பாறையெல்லாம் விரிசல் விடும். செம்பு, பொன்னு எல்லாத்தையும் அந்தத் தண்ணிதான் சுமந்துட்டு வந்து விரிசல்ல படிய வைக்கும்.”

“விரிசலே விடலைன்னா?”

“படிய இடம் ஏதும்மா?”

சொன்னவர் பாட்டிலைக் கீழே வைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

“ஆழத்துல இறுகின இந்த மலை எப்படி வெளிய வந்துச்சு?” என்று அம்மை கேட்டார்.

“மேல கிடந்ததெல்லாம் மழையிலயும் காத்துலயும் கரைஞ்சுதான். கோடிக்கணக்கான வருஷம் ஆகும்.”

“நமக்குப் பதினோரு மணிக்கு பஸ்ஸு.”

ரோட்டில் ஹாரன் கேட்டது. கோமதிநாயகம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். மகள் மேல் அவருக்கு இருந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் இத்தனை பயம்.

“அவளைப் பாத்தா அழுதுருவேன்மா. சின்னப் பிள்ளை முன்னால, இந்த வயசுல...”

அம்மை எழுந்து, மிச்சமிருந்த சோடா பாட்டிலை அவர் கையில் வைத்தார்.

“பேத்தி தாகத்தோட வரும். நீங்களே திறந்து குடுங்க.”