பட்டுக் கோடும் யாழ் நரம்பும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் கருங்குள நாட்டை மானவீரன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். உடுப்பு விஷயத்தில் மட்டும் கிறுக்கு. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சபைக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருப்பான். சிம்மாசனத்திலும் சும்மா உட்கார மாட்டான், ஓயாமல் தொடையை ஆட்டுவான். ராஜாவின் தொடையை யார் பிடித்து நிறுத்துவது?

அவன் சபையில் யாழ் வாசித்தவள் அல்லியம்மை. பன்னிரண்டு வருஷமாக அந்த ஆசனம் அவளுடையது. யாழில் இருபத்தொரு நரம்பு. ஏழேழாகப் பிரித்து, ஒவ்வொரு ஏழுக்கும் முதல் நரம்புக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பாள். வாசிக்கும்போது கண் அந்த மூன்று சிவப்பைத்தான் தேடும். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு: வாசிப்பவர் ராஜாவுக்கு நேர் எதிரே உட்கார வேண்டும், பக்கம் திரும்பக் கூடாது. ஆக, அவள் நரம்பைப் பார்த்தால் அதற்குப் பின்னால் ராஜாதான் தெரிவான்.

ஒரு அறுவடைத் திருநாளில் வெளிநாட்டு விருந்தாளிகள் முன்னால் அவள் வாசிக்க உட்கார்ந்தாள். கை வைத்த இடமெல்லாம் தப்பு. ராஜா சிரித்துவிட்டான்.

"என்ன அல்லியம்மா, யாழ் வாசிக்கிறாயா, கொசு விரட்டுகிறாயா?"

சபையே சிரித்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களும் அங்கே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்களாம்.

மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும் அதே கதை. உடுப்பு அதிகாரி பூவராகன் ராஜாவின் காதில் பதமாக ஓதினான். "பாவம், அந்தம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. என் மைத்துனன் நன்றாக வாசிப்பான், பிரபு." நாளைக் காலை யாழை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அல்லியம்மைக்கு உத்தரவு வந்தது.

மந்திரி சேந்தன் அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கண் தெளிய நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டியிருந்தாள்.

"வீட்டில் நன்றாகத்தான் வருகிறது, ஐயா. சபையில் உட்கார்ந்தால் ஐம்பது நரம்பு, அறுபது நரம்பு தெரிகிறது. எல்லாம் நெளிகிறது. கண் போய்விட்டது. தெருவில் தலை காட்ட முடியவில்லை."

சேந்தன் கட்டை அவிழ்க்கச் சொல்லி, ஊசியும் நூலும் கேட்டு வாங்கி அவளிடமே கொடுத்தார். முதல் தடவையிலேயே கோத்துவிட்டாள்.

"கண்ணுக்கு ஒன்றும் இல்லை தாயி. இது எந்த நாளிலிருந்து?"

"திருநாளிலிருந்து."

அன்றைக்குத்தான் பூவராகன் நெய்வித்துத் தந்த புதுப்பட்டு அங்கியை ராஜா முதன்முதலாகப் போட்டது. போட்டதிலிருந்து சபைக்கு வேறெதையும் போடவில்லை. சேந்தன் எழுந்து போனார்.

மறுநாள் சபை கூடியது. அல்லியம்மை யாழோடு தலை குனிந்து நின்றாள். சேந்தன் எழுந்தார்.

"அரசே, கண் மங்கியவர் என்று ஒருவரை அனுப்பினால், நல்ல கண்ணுக்கு ஓர் அளவு வேண்டாமா? மூன்று சிவப்பு நரம்பைத் தொட்டால் போதும், சங்கீதம் தெரிய வேண்டாம். பறக்கும் கொக்கை அம்பால் அடிப்பவர் தாங்கள். தாங்களே அளவு காட்டினால் நன்றாக இருக்கும்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இதென்ன பெரிய வித்தை?" என்று இறங்கி வந்தான்.

"வாசிக்கும்போது எதிரே சிம்மாசனம் காலியாக இருக்கக் கூடாதே. தங்கள் அங்கியைப் போட்டுக்கொண்டு பூவராகர் சற்று உட்காரட்டும்."

பூவராகன் முகம் வெளுத்தது. "எனக்கு வயிற்று வலி" என்றான்.

"உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்றான் ராஜா.

ராஜா யாழ் ஆசனத்தில் அமர, பூவராகன் அங்கியைப் போட்டுக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். பயத்தில் அவன் தொடையும் தன்னால் ஆட ஆரம்பித்தது. அங்கியில் யாழ் நரம்பு மாதிரியே மெல்லிய பொன் கோடுகள், நடுநடுவே சிவப்புக் கோடு. ராஜா யாழைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான்; நரம்பு எது, பின்னால் ஆடும் கோடு எது என்று தெரியவில்லை. சிவப்பு என்று நினைத்துத் தொட்டான், விரல் இடைவெளியில் புகுந்து சிக்கிக்கொண்டது. மறுபடி தொட்டான். டொய்ங் என்று ஏதோ கத்தியது. சபையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பூவராகரே," என்றார் சேந்தன், "அங்கியில் ஏழு கோட்டுக்கு ஒன்று சிவப்பு. நெசவாளர்களைக் கேட்டேன். வழக்கமாக ஐந்துக்கு ஒன்றுதான் வைப்பார்களாம். நீர்தான் எண்ணிக்கை சொல்லி நெய்யச் சொன்னீராம். யாழைப் பார்த்து எண்ணினீரா?"

பூவராகன் அங்கியைக் கழற்றப் போனான். "அதைப் போட்டுக்கொண்டே கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்து போ. இந்தப் பக்கம் இனி வராதே" என்றான் ராஜா. மைத்துனன் அதற்கு முன்பே நழுவிவிட்டான்.

ராஜா யாழ் ஆசனத்திலிருந்து எழவே இல்லை. தலை குனிந்தபடி கேட்டான். "எதிரே ஏதோ கண்ணை மறைக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அல்லியம்மா?"

"என் கண்ணையே நான் நம்பவில்லை, அரசே. எல்லாரும் சிரித்தபோது, கோளாறு என்னிடம்தான் என்று நினைத்துவிட்டேன்."

ராஜா யாழை அவள் பக்கம் நகர்த்தினான். "தப்பு என்னுடையது. உன் யாழும் ஆசனமும் என்றைக்கும் உனக்குத்தான். இத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது இத்தனை பேர் முன்னால் நீயும் என்னைப் பார்த்துச் சிரித்துவிடு. கணக்குத் தீரட்டும்."

அல்லியம்மை அவனைப் பார்த்தாள்.

"தப்பாக வாசிக்கிறவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வராது, அரசே. எழுந்திருங்கள், நான் வாசிக்க வேண்டும்."

ராஜா எழுந்தான். சிம்மாசனம் வரை போக அவனுக்குக் கால் வரவில்லை. ஓரமாக, சபையோருக்கும் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டான். அவள் வாசித்து முடிக்கிற வரைக்கும் அவன் தலை நிமிரவே இல்லையாம்.