இஞ்ஞாசி போட்ட ரம் ஐஸ்

எங்க கூட்டாளி இஞ்ஞாசி ஏழு வருஷம் கப்பல்ல வேலை பார்த்தவன். துணி வெளுக்கிற இடத்துல படுக்கை விரிப்பு மடிச்சிட்டிருந்தான்னு அவன்கூடப் போன மச்சானே எங்ககிட்ட சொல்லியிருக்கான். ஆனா புதுச்சேரியில வந்து இறங்கும்போது அவன் கப்பல் பார்ல காக்டெயில் கலக்குற தலைமை ஆளா இறங்கிட்டான்.

எங்க இன்னொரு கூட்டாளி கலியமூர்த்தி அதை நம்பினதுதான் வினை. லைசென்ஸ் வாங்கி, மொட்டை மாடியில பத்து மேசை போட்டு, வர்ற வெள்ளிக்கிழமை பார் திறக்கிறான். காக்டெயிலைக் குச்சி ஐஸா உறைய வெச்சுக் குடுத்தா இந்த வெயிலுக்குக் கூட்டம் அள்ளும்னு அவனுக்கு ஒரு எண்ணம். அந்தப் பொறுப்பை இஞ்ஞாசிகிட்ட குடுக்கப் போறேன்னான். நானும் ராஜவேலுவும் வேண்டாம்டான்னு சொல்லிப் பார்த்தோம். கேக்கல. முதல்ல நமக்குப் பண்ணிக் காட்டட்டும்னு ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்குக் கூப்பிட்டான்.

இஞ்ஞாசி வந்ததும் முழு பாட்டில் ரம்மைப் பாத்திரத்துல கவுத்தான். ரெண்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சான். அவ்வளவுதான். கலியமூர்த்தி சம்சாரம் அஞ்சலாட்சி, தண்ணி சேர்க்கலையாண்ணேன்னு கேட்டுச்சு. தண்ணி மாடு குடிக்கிறது தங்கச்சின்னுட்டு, அச்சுல ஊத்தி, குச்சி சொருகி, ஃப்ரீசர்ல வெச்சான். நாலு மணி நேரம் ஆகும்னான். அந்த நாலு மணி நேரமும் அவன் கப்பல் கதையைக் கேக்கணுமேன்னு எனக்குக் கவலை.

ஆளுக்கொரு கிளாஸ் எடுத்தோம். எனக்கு பீர். ராஜவேலுவுக்கு பிராந்தியும் சோடாவும். இஞ்ஞாசிக்கு அடுத்தவன் வாங்கினது எதுவா இருந்தாலும் பிடிக்கும்.

கேப்டன் இவன் கையால ஒரு கிளாஸ் குடிக்காம கப்பலையே எடுக்க மாட்டாராம். அப்படி ஆரம்பிச்சான். ஒருக்கா வடதுருவத்துப் பக்கம் போனப்போ பார்ல ஐஸ் தீர்ந்துபோச்சாம். இவன் ஜன்னலைத் திறந்து வெளியில பீரைச் சாய்ச்சானாம். ஊத்துன பீர் கீழ விழுறதுக்குள்ள கம்பியா உறைஞ்சு நின்னுச்சாம். அந்தக் கம்பியில ஒரு வாரம் துணி காயப்போட்டாங்களாம்.

"துணி உறையலையா?" ராஜவேலு கேட்டான்.

உறைஞ்சுதாம். அதனாலதான் இஸ்திரி போடுற வேலை மிச்சமாம்.

இதாவது பரவாயில்லைங்க. அதே பயணத்துல கப்பல்ல பாறை மோதி, ஆள் நுழையுற அளவுக்கு ஓட்டை. கேப்டன் அழுதுட்டாராம். இவன் பதறாம ஒரு பீப்பா ரம்மும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஓட்டையில ஊத்த, அது அப்படியே உறைஞ்சு அடைச்சுக்கிச்சாம். ஆனா பயணிங்க வரிசையில நின்னு அந்த அடைப்பையே நக்கித் தீர்க்க ஆரம்பிச்சிட்டாங்களாம். உள்ள இவங்க நக்க, வெளியில ஒரு திமிங்கலம் நக்க, இவன் ராப்பகலா ஊத்திக்கிட்டே இருந்தானாம்.

"திமிங்கலத்துக்குப் போதை ஏறலையா?"

"ஏறாம?" இஞ்ஞாசி ராஜவேலுவைப் பரிதாபமாப் பார்த்தான். "ஏறின ஜோர்ல கப்பலைத் தள்ளிக்கிட்டே வந்து மூணு நாள் முன்னாடியே கரை சேர்த்துடுச்சு. மறுநாள் தலைவலியோட மோர் கேட்டு வந்து நின்னுச்சுடா. அண்டா அண்டாவாக் குடுத்தேன்."

கலியமூர்த்தி முகத்துல அப்பதான் லேசாக் கலக்கம் தெரிஞ்சுது. எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்தான். குச்சியைப் பிடிச்சு இழுத்தான். குச்சி மட்டும் கையோட வந்துச்சு. அச்சுல ரம் தளதளன்னு ஆடுது. வெள்ளிக்கிழமைக்கு ஊரையே அழைச்சிருக்கான் பாவம். அப்படியே உக்காந்துட்டான்.

இஞ்ஞாசி விரலை விட்டு ருசி பார்த்தான். கொஞ்சம்கூட அசரல.

"உறையலன்னு நினைக்காதீங்க. என் கைப்பக்குவத்துக்கு ஒரு மணி நேரத்துலயே உறைஞ்சிருக்கும். குளிர் அதிகமாகி, உறைஞ்ச நிலையையும் தாண்டி, அந்தப் பக்கமாத் திரும்பத் தண்ணியாயிருச்சு. உலகத்துல இதுவரைக்கும் ரெண்டு பேருக்குத்தான் இது அமைஞ்சிருக்கு. இன்னொருத்தன் செத்துட்டான்."

அஞ்சலாட்சி அவனை நகரச் சொல்லிட்டு, ஃப்ரீசரோட பின்பக்கத்துலேர்ந்து வேற ஒரு அச்சை எடுத்துச்சு. சாராயம் வீட்டு ஃப்ரீசர்ல உறையாது, ஒரு பங்கு ரம்முக்கு அஞ்சு பங்கு திராட்சைச் சாறும் தண்ணியும் ஊத்தணும்னு சொல்லுச்சு. மூணு தடவை பண்ணிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிச்சாம். கல்லு மாதிரி உறைஞ்சிருந்துச்சு. கடிச்சா பல்லு கூசி, முதல்ல திராட்சை, அப்புறம் மெதுவா ரம். கலியமூர்த்திக்கு உசுரு வந்துச்சு.

இஞ்ஞாசி மூணு தின்னான். மூணாவது குச்சியைச் சப்பிக்கிட்டே, இந்த முறையைக் கேப்டனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான் தங்கச்சின்னான்.

"சரிங்கண்ணே," அஞ்சலாட்சி அச்சைக் கழுவப் போட்டுச்சு. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்துருங்க. கிளாஸ் கழுவ ஆள் கிடைக்கல."